இரண்டாம் மெஷினின் ஈரம்

மொரிசானே இசாமுவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். வைத்த பொருளை வைத்த இடத்தில் இருக்க விடாத மனிதன் அவன். வீட்டில் குளியல் தொட்டியையே மூன்று முறை இடம் மாற்றியவன். மூன்றாவது முறை அவன் மனைவி மினேகோ, "அடுத்த தடவ என்னையும் சேத்து நகத்தி எங்கம்மா வீட்டுல வெச்சிடுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அதையும் ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டவன் போல அவன் தலையாட்டியதை நானே பார்த்தேன்.

எங்கள் மிஷிமாவில் மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற கொஞ்ச நிலத்தில் பாதி வீடு, பாதி காகித ஆலை. நாங்கள் வேலை பார்த்தது சின்ன ஆலை, இரண்டே மெஷின். ஒன்றாவது புதியது. இரண்டாவது, வேறு யாரோ கழித்துப்போட்டதை முதலாளியின் அப்பா வாங்கி வந்து நிறுத்தியது. கடித உறை செய்கிற காகிதம் அதில்தான் ஓடும். நான் தோஷியே. இது நடந்தபோது அந்த ஆலையின் சோதனை அறையில் இருபத்தாறு வருடமாக ஈரம் எடை போட்டுக்கொண்டிருந்தவள். அறை என்றால் ஒரு தராசு, ஒரு உலர்த்தும் அடுப்பு, அப்புறம் நான். ஈரத் தாளை மூடி போட்ட டப்பாவில் கொண்டுவருவார்கள். எடை போடுவேன், அடுப்பில் காய வைப்பேன், மறுபடி எடை போடுவேன். குறைந்தது எவ்வளவோ அவ்வளவு தண்ணீர்.

இசாமு போர் முடிந்த கையோடு, தேயிலை போடுகிற மலையூரிலிருந்து பதினாறு வயதில் இறங்கி வந்தவன். இருபது வயதில், ஈரத் தாளின் நுனியைப் பிரஸ் ரோலரில் கொடுக்கும்போது வலது கையில் இரண்டு விரல்களை ரோலர் வாங்கிக்கொண்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து அதே பிரஸ்ஸில்தான் வேலை கேட்டான். "அதுங்கிட்ட என் விரல் ரெண்டு இருக்கு. வேற மெஷினுக்குப் போனா யாரு பாத்துக்குவா?" என்று கேட்டானாம். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் மேஸ்திரி சேர்த்துக்கொண்டார்.

பிரஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். தாள் பிறக்கும்போது தாளே இல்லை, கஞ்சி. கம்பி வலையில் ஓடித் தண்ணீர் வடிந்ததும் ஈரத் துணி போல ஆகும். அதை அகலமான கம்பளிப் பட்டை ஒன்று முதுகில் சுமந்துகொண்டு போய் இரண்டு ரோலர்களுக்கு நடுவே நுழைக்கும். மேலே கல் ரோலர், கீழே ரப்பர் பூசிய ரோலர். இரண்டும் சேர்ந்து பிழியும். பிழியாமல் விட்ட தண்ணீரை அடுத்து வரிசையாக நிற்கிற சூடான இரும்பு உருளைகள் உலர்த்தும். பிழிவதற்கு அதிகச் செலவில்லை. உலர்த்துவதற்கு நீராவி வேண்டும், நீராவிக்கு எண்ணெய் வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

1973 குளிர்காலத்தில் அந்த எண்ணெய்தான் இல்லாமல் போனது. எங்கோ பாலைவனத்தில் சண்டை, இங்கே எங்கள் பாய்லருக்குப் பட்டினி. ஒசாகாவில் பெண்கள் காகிதம் கிடைக்காமல் போய்விடும் என்று கடை வாசலில் முட்டி மோதுகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. காகிதம் செய்கிற நாங்களோ மெஷினை நிறுத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் முதல் வாரம், ஆலையில் எல்லோரும் சேர்ந்து செய்கிற காலை உடற்பயிற்சி முடிந்ததும் முதலாளி நிஷியோகா எங்கள் முன்னால் வந்து நின்றார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"ரெண்டாம் மெஷின் பிரஸ்ஸுல இருந்து வர்ற தாள்ல நூறு கிராமுக்கு அறுபத்திரண்டு கிராம் தண்ணி. தோஷியே எழுதின கணக்கு. அவ்வளவு தண்ணியைக் காய வைக்க எங்கிட்ட எண்ணெய் இல்ல. இருபதாம் தேதியோட நிறுத்தறேன். எண்ணெய் வந்தா கூப்பிடறேன்."

கூப்பிட மாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். கிழட்டு மெஷின் ஒரு முறை நின்றால் துருப்பிடிக்கும், அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போகும். என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர் அதை நம்பி இருந்தோம். ஊரில் ஆலைக்கு ஆலை ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம். நாற்பத்து நாலு வயதில், எட்டு விரல்களோடு வருகிறவனை யார் சேர்ப்பார்கள் என்று நான் இசாமுவைத்தான் பார்த்தேன். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"எத்தனைக்கு வந்தா ஓட்டுவீங்க, முதலாளி?"

"ஐம்பத்தொம்பது."

"அப்ப ஒரு ரோலரைக் கொஞ்சம் கீழ எறக்கிக்கறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். ரோலர்களைத் தேய்த்துச் சரி செய்கிற மெக்கானிக் தெராவோ, "ஆரம்பிச்சுட்டான்யா. குளியல் தொட்டி முடிஞ்சுது, இப்ப ரோலரு" என்றான்.

இசாமு கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து வாளியில் நனைத்துப் பிழிந்தான். தெராவோவின் துண்டையும் பிடுங்கி நனைத்து, அதைப் பிழியாமல் தரையில் விரித்து, தன் துண்டை அதன் மேல் போட்டான்.

"இப்படிப் போட்டா என்னாகும்? பிழிஞ்ச துண்டும் மறுபடி நனைஞ்சிடும். நம்ம தாளும் இதே கதைதான். பிழிபட்டு வெளிய வந்த பிறகும் ரெண்டு சாண் தூரம் கம்பளியோடயே ஒட்டிட்டுப் போகுது. கம்பளி குடிச்ச தண்ணியை அதுங்கிட்டருந்தே வாங்கிக் குடிக்குது. கம்பளியைத் தாங்கற ரோலரைக் கீழ எறக்கிட்டா, வெளிய வந்த உடனே கம்பளி கீழ போயிடும், தாள் கல்லோட மேல போயிடும். அவ்வளவுதான்."

"என் துண்டு?" என்றான் தெராவோ.

"அது நாட்டுக்காகப் போச்சு."

முதலாளி சிரிக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மெஷினை நிறுத்தி மாற்றிக்கொள்ளவும், அடுத்த ஏழு நாள் ஓட்டிக் காட்டவும் சம்மதித்தார். ஏழாவது நாள் ஐம்பத்தொன்பது வந்தால் மெஷின் பிழைக்கும், இல்லையென்றால் இருபதாம் தேதி.

திங்கட்கிழமை முதல் டப்பாக்கள் வந்தன. ஒவ்வொரு ஷிப்டிலும் தாளின் முன் ஓரம், நடு, பின் ஓரம் என்று மூன்று இடத்தில் கிழித்து வருவார்கள். மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாக எழுதுவது என் வழக்கம். அறுபத்தொன்று. இசாமு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"எவ்வளவு, அக்கா?"

"அறுபத்தொண்ணு."

"ஒண்ணு கொறஞ்சிருக்கு" என்றான், சந்தோஷமாக. இன்னும் இரண்டு குறைய வேண்டும் என்பது அவன் கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது.

இனிமேல் சொல்லப்போவது என் வெட்கம். எங்கள் ஊரில் ஒருவன் முகம் வாடாமல் பார்த்துக்கொள்வது யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. செவ்வாய்க்கிழமை நான் டப்பாக்களின் மூடியைத் திறந்து அடுப்பின் பக்கத்தில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு, அப்புறம் எடை போட்டேன். அறுபது. புதன்கிழமை அதே இரண்டு நிமிடம்தான், ஆனால் ஐம்பத்தெட்டு வந்தது. வியாழக்கிழமை ஐம்பத்தேழு. என் இரண்டு நிமிடத்தில் என்ன பெரிதாகக் குறைந்துவிடும்? மீதி எல்லாம் இசாமுவின் ரோலர் செய்கிற வேலை என்று நம்பினேன். நானே பொய் சொல்லிக்கொண்டு, அந்தப் பொய்யைக் கண்டு நானே பூரித்துப் போனேன்.

ஐம்பத்தேழைப் பார்த்ததும் முதலாளியின் முகமே மாறிவிட்டது. உடனே போய் நீராவி வால்வைக் குறைக்கச் சொன்னார். மதியம் பொரித்த மீன் வடை இரண்டு தட்டு நிறைய வாங்கி வந்து வைத்தார். அந்த மனிதர் வாங்கிக் கொடுத்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் இசாமுவின் முதுகைத் தட்டினார்கள். அவன் மட்டும் வடையைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவன் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். கையில் சுற்றி முடித்த தாளிலிருந்து கிழித்த ஒரு துண்டு.

"அக்கா, இதைக் கன்னத்துல வெச்சுப் பாருங்க."

"எனக்குத் தராசு இருக்கு."

"வெச்சுப் பாருங்க."

வைத்தேன். காய்ந்து மொரமொரவென்று இருக்க வேண்டிய தாள் ஜில்லென்று ஒட்டியது.

"இது தாளோட நடுவுல கிழிச்சது. நீராவியைக் கொறச்சதுல இருந்து இப்படித்தான் வருது. நீங்க ஐம்பத்தேழுன்னு எழுதியிருக்கீங்க. ஐம்பத்தேழா இருந்தா இப்படி வராது."

"உன் கன்னம் என்ன சர்க்கார் தராசா?"

அவன் சிரிக்கவில்லை. "யாரு பண்ணது, அக்கா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு செய்தவளுக்குத்தான் கோபம் முதலில் வரும். "நான்தான். ரெண்டு நிமிஷம் திறந்து வெச்சேன். இப்ப என்ன? உனக்காகத்தான பண்ணேன்?"

"எனக்காகன்னா எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

நான் அடுப்புக் கதவைத் திறந்து மூடினேன்.

"அந்த ரோலர் என் ரெண்டு விரலை எடுத்துச்சு. அதுகூட என் கண்ணு முன்னாலதான் எடுத்துச்சு" என்றான். குரலை உயர்த்தவே இல்லை. என்னை யாராவது நடுத்தெருவில் நிற்க வைத்து அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது.

"இப்ப போய் சொன்னா மெஷின் நின்னுடும் இசாமு."

"சொல்லலன்னா ஈரத் தாள் உறை செய்யறவங்ககிட்டப் போகும். பூசணம் பூத்து ஒரே மாசத்துல மொத்தமும் திரும்பி வரும். அப்ப ஒண்ணாம் மெஷினும் சேந்து நிக்கும்."

நேராக முதலாளியின் அறைக்குப் போனான். நானும் பின்னாலேயே ஓடினேன். உள்ளே போய் இடுப்பு வளைய வணங்கி, "தாள் கிழிச்ச முறையில தப்பு ஆகிப்போச்சு. தப்பு என்னோடது" என்றான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. "இவன் பொய் சொல்றான் முதலாளி, பண்ணது நான்" என்று மூடி திறந்த கதையைச் சொன்னேன். இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவா குறையும் என்று முதலாளி கேட்டார். ஷிப்டு ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காலை ஷிப்டு, மூன்று டப்பாவுக்கும் காய்ந்த ஓரத்திலேயே கிழித்திருக்கிறது. அடுத்த ஷிப்டும் அப்படியே. தெராவோவோ ஒரு படி மேலே போய், டப்பாவில் போடுவதற்கு முன்னால் தாளைக் காய்ந்த துணியில் ஒற்றி எடுத்திருக்கிறான். தான் ஒருவர்தான் இதைச் செய்வதாக ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

முதலாளி அந்த வாரக் கணக்குத் தாள்களை மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "ஆக, இந்த வாரம் பூரா எடை போட்டது தாளை இல்ல. இவன் மேல உங்களுக்கு இருக்கற பாசத்தை" என்றார். "அதை வெச்சு நான் வால்வை மூடியிருக்கேன். வடை வேற."

மெஷினை அன்றைக்கே நிறுத்தச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினார். "இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்கு. இனிமே டப்பாவை நான் தூக்கறேன். என்னடா செய்யணும்?"

"மூணு டப்பா பத்தாது. இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் வரிசையா ஒம்பது எடுக்கணும்" என்றான் இசாமு. "அக்கா, சேத்து எழுதாதீங்க. ஒவ்வொண்ணையும் தனித்தனியா எழுதுங்க."

எழுதினேன். இரண்டு ஓரங்களிலும் ஐம்பத்தொன்பது. உள்ளே போகப் போக அறுபது, அறுபத்திரண்டு. நட்ட நடுவில் அறுபத்து நாலு. இருபத்தாறு வருடமாக அந்த அறுபத்து நாலு என் கைக்குள் வந்து போயிருக்கிறது. நான்தான் மூன்றையும் ஒன்றாகக் கலந்து அதை மறைத்து வைத்திருந்தேன். மூடியைத் திறந்து வைத்ததைவிட இந்தத் தப்புதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இசாமு அந்த ஒன்பது எண்களையும் பார்த்தான். "ரோலர் வளையுது" என்றான்.

தெராவோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாரு தேய்ச்ச ரோலர் தெரியுமில்ல? நூல் புடிச்ச மாதிரி நேரா இருக்கும்."

"நேரா இருக்கறதுதான் தப்பு, தெராவோ அண்ணே. அழுத்தற எடையை எங்க மாட்டியிருக்கோம்? ரெண்டு முனையிலயும். நடுவுல யாரு அழுத்தறா? சும்மா இருக்கும்போது நேரா இருக்கு. எடை ஏறினதும் நடுவுல இடைவெளி விடுது."

"வாயாலயே வளைச்சுடுவ நீ."

சண்டையை நிறுத்த என் அறையிலிருந்து கார்பன் தாள் கட்டைக் கொண்டு போனேன். மெஷினை நிறுத்தி, ரோலரின் நீளத்துக்கும் வெள்ளைத் தாளையும் கார்பனையும் வைத்து, கல் ரோலரை அதன் மேல் இறக்கி எடை ஏற்றி, மறுபடி தூக்கினார்கள். தெராவோ தன் கையாலேயே வெள்ளைத் தாளை விரித்தான். இரண்டு ஓரத்திலும் கறுப்புக் கோடு இரண்டு விரல் அகலம் இருந்தது. நடுவே வர வர மெலிந்து, ஒரு நூடுல்ஸ் இழை அளவுக்கு ஆகிவிட்டது. அவன் அதை ஒரு முறை இந்தப் பக்கமிருந்தும் ஒரு முறை அந்தப் பக்கமிருந்தும் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"எவ்வளவு தேய்க்கணும்?" என்று கேட்டான்.

"ஓரத்துல ரெண்டு தபால் அட்டை தடிமனுக்கு. நடுவைத் தொடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா வந்து நடுவுல சேருங்க."

சனிக்கிழமை பொழுதுக்கும் ரப்பர் ரோலர் பட்டறையில் கிடந்தது. தெராவோ சோறு தின்னக்கூட எழுந்திருக்கவில்லை. பட்டறைப் பக்கம் போனவர்களிடமெல்லாம், "இருபது வருஷமா இதை நேராக்கறதுக்கு உசுர விட்டேன். இப்ப தொப்பை வெச்சு விடச் சொல்றான் படுபாவி" என்று புலம்பினான். ஆனால் தேய்த்து முடித்ததும் ரோலரின் மேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தபோது அவன் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது நாள். காலையில் மெஷின் கிளம்பி, தாள் நிதானத்துக்கு வந்ததும் முதலாளியே ஒன்பது டப்பாக்களையும் எடுத்து, மூடியை அழுத்தி, பூஜைக்குத் தட்டு கொண்டுவருகிறவர் போல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். எடை போட்டு அடுப்பில் வைத்தேன். காயும் வரை ஒருவரும் அறையை விட்டு நகரவில்லை. தெராவோ கதவில் சாய்ந்து நின்றான். இசாமு முக்காலியில் உட்கார்ந்திருந்தான்.

ஓரத்துக்கும் நடுவுக்கும் இப்போது ஒன்றரைகூட வித்தியாசம் இல்லை. இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்திராத வரிசை. ஒன்பதையும் கூட்டி வகுத்தேன். நம்பாமல் இன்னொரு முறை கூட்டினேன்.

ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.

பென்சிலை எடுத்து ஐம்பத்தொன்பது என்று எழுதியதும் கை நின்றது. அத்தோடு விட்டுவிடலாம். அது பொய்கூட இல்லை. இத்தனை வருடத்தில் நான் ஒரு நாளும் புள்ளி போட்டு எழுதியதில்லை. அரைக்குக் கீழே வந்தால் விட்டுவிடுவதுதான் வழக்கம். அந்த எண்ணோடு முப்பத்தொரு பேரும் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். நிமிர்ந்தேன். இசாமு தராசைப் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புள்ளி வைத்து, இரண்டு என்று எழுதினேன்.

முதலாளி தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "நான் கேட்டது ஐம்பத்தொம்பது" என்றார்.

"ஆமா, முதலாளி."

"நீ புள்ளியெல்லாம் வெச்சு எழுத மாட்டியே, தோஷியே."

"இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு."

அவர் இசாமுவின் பக்கம் திரும்பினார். "போன எண்ணை நம்பி வால்வை மூடி மானம் போச்சு. இதை நம்பி மூடலாமா?"

"மூடலாம்" என்றான் இசாமு. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

"அப்ப ஓட்டுங்க. அந்தப் புள்ளி ரெண்டுக்கு ஆபீஸ் கணப்பை அணைச்சுக்கறேன்." வெளியே போகப் போனவர் திரும்பி, "இனிமே எதையாவது நகத்தறதா இருந்தா எங்கிட்டக் கேட்டுட்டு நகத்து" என்றார். தெராவோதான் முதலில் சிரித்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துண்டு வேண்டும் என்று இசாமுவின் கழுத்திலிருந்ததை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இருபதாம் தேதி வந்தது, போனது. இருபத்தொன்றாம் தேதி காலை, குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு எல்லோரும் இரண்டாம் மெஷினுக்கு வேலைக்கு வந்தோம். இசாமு அதற்கப்புறமும் பதினாறு வருடம் அந்த மெஷினில் இருந்தான். அந்தப் பிரஸ்ஸில் அவன் நகர்த்தாத ரோலர் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த இருபத்தொன்றாம் தேதி முதல் டப்பாக்களை எடை போட்டு முடித்ததும் வாசலில் அவன் நிழல் விழுந்தது.

"எவ்வளவு, அக்கா?"

"ஐம்பத்தொம்பது புள்ளி நாலு" என்றேன். ஞாயிற்றுக்கிழமையைவிடக் கூடியிருக்கிறது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு அன்று பயமே இல்லை.